இருநூற்று நாற்பத்தெட்டு இலைகள்

போன மாதம் நம் மூத்தோர் சங்கத்து விருந்து முடிந்ததும், நம் சங்கப் பத்திரிகைக்கு ஒரு செய்தி எழுதித் தரும்படி செயலாளர் தம்பி என்னிடம் கேட்டார். முப்பது வருடம் டீச்சர் வேலை பார்த்தவள் நாலு வரி எழுத மாட்டாளா என்ற நம்பிக்கை. எழுதிக் கொடுத்தேன். 'விருந்தில் பலர் கலந்துகொண்டனர்' என்று முடித்திருந்தேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் எல்லாரும் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "டீச்சருக்கு எண்ணத் தெரியாதுலா" என்றார் ஒருவர். "வயசாச்சுல்ல, விரலு பத்தல" என்றார் இன்னொருவர். அந்த இன்னொருவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

எனக்கு எண்ணத் தெரியும். உங்களில் யாரையும்விட நன்றாகத் தெரியும். எண்ணியதால் வந்த வினையும் தெரியும். இத்தனை வருடம் அதை யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் என்னைப் போல் முள்கம்பிக்குள் வளர்ந்தவர்கள்தான், பாதிக் கதையை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகள் படித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் ஒன்றும் விடாமல் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், செரம்பானை அடுத்த லாபு பக்கம். பெரிய சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே போக வேண்டும். காட்டுக் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களையெல்லாம், அதாவது ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளையெல்லாம், பிரித்து, ஒரே இடத்தில் கட்டி, சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி போட்டிருந்தார்கள். போகவர ஒரே கேட்டு. காலையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்களை அங்கே நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு கருவாடோ அகப்பட்டால் போதும், காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாய் என்று பிடித்துக்கொள்வார்கள். அம்மாவின் கொண்டையை அவிழ்த்துப் பார்த்த நாளும் உண்டு.

யாரும் வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பெரிய கொட்டகையில் தோட்டம் முழுவதற்கும் சேர்த்துப் பொங்கி, ஆளுக்கு அளந்து போட்டார்கள். அந்தக் கொட்டகைக்குச் சமையல்காரர் என் அப்பா. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் மேல் ரப்பர் பால் வாடை அடிக்கும். என் அப்பா மேல் சோற்று வாடை அடிக்கும். அரை வயிற்றோடு படுத்த நாட்களில் அவர் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்குவேன்.

அந்த வருடம்தான் கிராணி வீட்டுக்கு அக்கா வந்தார். தோட்ட ஆபீசில் செக்ரோல் எழுதுகிறவரைத்தான் கிராணி என்போம். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் அவர் பேனாவில் இருந்தது. எங்கள் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அக்கா அவருடைய தங்கை, இருபத்திரண்டு வயது இருக்கும். செரம்பானில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும் அதற்காகத்தான் கப்பலேறி வந்திருப்பதாகவும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஊரில் இருந்தபோது அவர் பத்திரிகைகளுக்கு எழுதுவாராம். இங்கே ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்துக்கொண்டே கல்யாணத்துக்குக் காத்திருக்க அவரால் முடியவில்லை. தோட்டத்துப் பள்ளியை முடித்துவிட்டு நின்ற எங்கள் ஐந்து பேரைப் பிடித்துக்கொண்டார். பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை வயது எங்களுக்கு. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை மாணவர் பக்கம் ஒன்று வரும். அதற்கு எழுதச் சொல்லித் தருகிறேன் என்றார்.

கிராணி சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பள்ளிக்கூடம் வரை தங்கை வரலாம். அதைத் தாண்டி லயத்துக்குள் கால் வைக்கக் கூடாது. லயத்து மனிதர்கள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இதை அவர் எங்கள் எதிரிலேயே சொன்னார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். நாங்களும் சிரித்தோம். அவமானப்படக்கூடத் தெரியாத வயது.

பால் வெட்டும் வெட்டுக்காட்டிலிருந்து எல்லாரும் திரும்பிய பிறகு, மூன்று மணிக்கு வகுப்பு. ஆறு மணிக்குக் கர்பியூ என்பதால் ஐந்துக்கே கலைந்துவிட வேண்டும். ஆபீசில் கழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கம்தான் எங்கள் நோட்டு. முதல் நாள், அன்று காலைப் பெரட்டில் நடந்ததை எழுதச் சொன்னார். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். நான் விடுவேனா? கதிரவன் பொற்கரம் நீட்டினான், பறவைகள் பண்ணிசைத்தன, மக்கள் வெள்ளம் அலைமோதியது என்று ஒரு பக்கம் எழுதி நீட்டினேன். அக்கா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளம் எண்டு எழுதியிருக்கிறாய் பிள்ளை. எத்தினை பேர்?"

"நெறைய பேருக்கா."

"நிறைய எண்டால்?"

"ரொம்ப நெறைய."

"நாளைக்குப் போய் எண்ணிப்போட்டு வா. எண்ணாமல் எழுதினால் அது செய்தியில்லை, வெறும் வாய்."

அக்காவிடம் ஒரு பென்சில் இருந்தது. ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. அப்படி ஒரு பென்சிலை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடு போட வேண்டும். கண்ணால் கண்டதற்கு நீலம். பிறர் சொல்லிக் கேட்டதற்குச் சிவப்பு. சிவப்புக்கோடு விழுந்த வரியை விசாரித்து நீலமாக்க வேண்டும், முடியாவிட்டால் அடித்துவிட வேண்டும். எங்களோடு படித்த மண்டோர் மகன், கங்காணியைத்தான் மண்டோர் என்போம், ஒன்பதாம் நம்பர் காட்டில் புலி வந்ததைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தான். கோடு போட்டு முடித்தபோது மூன்று பக்கமும் சிவப்பாக இருந்தது.

"தம்பி, புலியை நீ கண்டனியோ?"

"இல்லக்கா. தண்ணி தூக்குற மாமா பாத்தாரு."

"அவர் கண்டவரோ?"

"அவருக்கு வேற யாரோ சொன்னாங்களாம்."

அன்றைக்குச் சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அதற்கடுத்த வாரம் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களில் ஒருத்தன், போலீஸ் லாரி எந்தெந்த நேரத்துக்கு வருகிறது என்று நாலு நாள் உட்கார்ந்து குறித்துக்கொண்டு வந்திருந்தான். எல்லாம் நீலக்கோடு. பெருமை தாங்கவில்லை அவனுக்கு. அக்கா அதைப் படித்ததும் முகம் வெளுத்துப்போய், தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்தார். கிழித்ததை அவனையே கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிட்டு வரச் சொன்னார். "கேட்டு, வேலி, லாரி, துவக்கு. இந்த நாலும் எங்கடை தாளிலை வரப்படாது. விளங்குதோ?" என்றார். துவக்கு என்றால் துப்பாக்கி. விளங்கியது. நாங்கள் அந்த நாலையும் ஒருநாளும் எழுதியதில்லை. அந்த நாலில் வாழையிலை இல்லை.

சித்திரையில் மாரியம்மன் திருவிழா வந்தது. இரண்டு வருடமாக நடக்காத திருவிழா. தோட்ட மேனேஜரான தொரை போலீசுக்கு எழுதி அனுமதி வாங்கியிருந்தார். ஒரே நாள், வேலிக்குள்ளேயே, நாலு மணிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். இலையில் உட்கார்ந்து சாப்பிடும் வயதுள்ளவர்கள் லயங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கு மட்டும் அரிசி நிறுத்துக் கொடுத்தார்கள். வேறு ஆள் சாப்பிடவில்லை என்று கிராணி கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் தொரைக்கும் கிராணிக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்களே, அவர்களில் திரும்பி வராதவர்களுக்கும் சாமி விருந்தில் இலை போடுவோம். செத்துப்போனார் என்று சேதி வந்தால் படையல் வைக்கலாம், திதி கொடுக்கலாம். சேதியே வராதவரை என்ன செய்வது? அதனால் வீட்டார் வரிசையில் அவருக்கும் ஓர் இலை. அதில் ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் பருப்பு, ஒரு துண்டு வாழைக்காய். எல்லாரும் சாப்பிட்டானதும் வீட்டில் மூத்தவர் அந்தச் சோற்றை எடுத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாய் ஊட்டிவிட்டு, இலையை மடித்து மற்ற இலைகளோடு போட்டுவிடுவார். எங்கள் வரிசையில் பெரியப்பாவுக்கு ஓர் இலை. நான் பிறந்து விவரம் தெரிந்த நாளாக அப்படித்தான். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருகிறோம் என்று யாராவது எழுதுவார்களா? அதுபோல இதையும் எழுத வேண்டும் என்று எங்கள் ஐந்து பேருக்கும் தோன்றவில்லை.

நான் எண்ணினேன். பந்திக்குப் பந்தி ஆட்கள் எழுந்தும் உட்கார்ந்தும் குழப்பியதால், எச்சில் இலை போடுகிற குழிக்கருகே ஒரு குச்சியோடு போய் நின்றுகொண்டேன். விழுகிற ஒவ்வோர் இலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஈ மொய்த்தது. கூப்பிட்ட தோழிகளிடம் "சும்மா இருலா, கணக்கு விட்டுப்போயிரும்" என்று எரிந்து விழுந்தேன். கடைசிப் பந்தி எழுந்தபோது இருநூற்று நாற்பத்தாறு. நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

கொட்டகைக்குப் போனால், பெரிய சட்டிகளுக்குப் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கிராணியும் அவர் மனைவியும் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கச் செரம்பான் போயிருந்தார்கள். நாங்கள் எழுதப் போகிற திருவிழாவைத் தாமும் ஒரு கண் பார்க்கலாம் என்று வந்திருந்தார். அப்பாவைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே அம்மா. சாமி சாப்பாடு. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார் அப்பா.

அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா எங்கள் இருவருக்கும் இலை போட்டார். அக்கா அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ரசம் இரண்டாம் தரமும் வாங்கி, கையில் ஏந்திக் குடித்தார். முழங்கைவரை வழிந்தது. "அண்ணைக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார். அம்மன் மேல் சத்தியம் செய்தேன். எங்கள் இரண்டு இலைகளையும் நானே கொண்டுபோய்க் குழியில் போட்டேன். இருநூற்று நாற்பத்தேழு, இருநூற்று நாற்பத்தெட்டு.

'இருநூற்று நாற்பத்தெட்டு இலைகளில் விருந்து பரிமாறப்பட்டது' என்று எழுதி அடியில் நீலக்கோடு போட்டேன். "எண்ணினதுதானே?" என்று கேட்டார் அக்கா. "குச்சியால தொட்டு எண்ணுனேன்க்கா" என்றேன். முதுகில் தட்டிக்கொடுத்து, உறையில் போட்டு அனுப்பினார்.

மூன்றாம் ஞாயிறு அது அச்சில் வந்தது. என் பெயரும் தோட்டத்தின் பெயரும் கறுப்பு மையில் இருந்தன. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கொட்டகை வாசலில் உட்கார வைத்து, வாசித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டவர் அந்த வரி வந்ததும், "எத்தன எலன்னு சொன்ன?" என்றார். மறுபடி வாசித்தேன். தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "நல்லா எழுதியிருக்க தாயி" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. மகள் பெயர் அச்சில் வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

புதன்கிழமை ஜீப் வந்தது. செரம்பானிலிருந்து ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர். அதே பத்திரிகை அவர் கையிலும் இருந்தது. கொட்டகை முன்னால் எல்லாரும் பார்க்கத்தான் விசாரணை.

"அரிசி குடுத்தது இருநூத்திப் பன்னெண்டு பேருக்கு. எலை இருநூத்தி நாப்பத்தெட்டு. மிச்ச முப்பத்தாறு பேரு யாரு?"

"சயாமுக்குப் போனவங்களுக்குப் போட்ட எலங்க" என்றார் அப்பா.

"வராத ஆளுக்கு எலை போட்டீங்க. சரி. அந்த எலையில சாப்பிட்டது யாரு?"

அப்பா என்ன சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. காட்டுக்காரர்களுக்குச் சோறு போட்டதாகச் சந்தேகம் என்று அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். கொட்டகைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கிராணியிடம் கொடுத்தார் அப்பா. என்னை அவர் பார்க்கவில்லை. பார்த்தால் நான் அழுவேன் என்று பார்க்காமல் இருந்தாரா, கோபத்தில் பார்க்காமல் இருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிப் பிடித்துப்போனவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னார்கள். அப்பா பிறந்ததே இங்கே மலாயாவில், கோலா சாவாவில். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. தோட்டத்துக்கு அரிசி அளவையும் குறைத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்மாதான் திட்டினார். "ஒன் எழுத்து என் புருஷன முழுங்கிருச்சு. இனிமே பென்சிலத் தொட்ட, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்று என் தாள்களையெல்லாம் அள்ளி அடுப்பில் போட்டார். நான் தடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், அக்கா லயத்துக்குள் வந்தார். கிராணி வீட்டுப் பெண் லயத்துப் படியேறி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அம்மா உட்காரச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே என்னிடம், சயாம் இலை என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"எத்தினை எண்டு எழுதினம். ஆர் ஆர் எண்டு எழுதேல்லை. பாதிச் செய்தியை அனுப்பினது நான். பிழை என்ரை. வா, மிச்சத்தை எழுதுவம்."

அம்மா போகக் கூடாது என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, தலையில் தேய்த்துக்கொள்ள எண்ணெயை எடுத்து என் கையில் ஊற்றி, "போய்த் தொலை" என்றார்.

ஐந்து பேரும் அக்காவும் இரண்டு நாள் வீடு வீடாகப் போனோம். எந்த வீட்டில் யாருக்கு இலை, அவர் பெயர் என்ன, யார் எப்போது பிடித்துப்போனார்கள், அவரைக் கடைசியாகக் கண்டவர் யார். ஒரு நோட்டில் ஆளுக்கு நாலு வரி. மூன்றாம் லயத்தில் ஒரு அத்தை இருந்தார். புருஷன் சயாமுக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் பொட்டும் தாலியுமாக இருந்தவர். அவர் புருஷன் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்.

"எழுதிட்டா செத்துட்டாருன்னு ஆயிரும்லா?" என்றார்.

"இல்லை அக்கா. 'சயாமுக்குப் போனார், இன்னும் திரும்பேல்லை.' இவ்வளவுதான் எழுதுவம். இது உண்மைதானே?" என்றார் எங்கள் அக்கா.

அத்தை, "இன்னும்னு போடுறீங்கதானே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுப் பெயரைச் சொன்னார். எழுதிய கையை நான் உதறிக்கொண்டேன், அப்படி வலித்தது.

இரண்டாம் நாள் மாலை எண்ணிப் பார்த்தோம். முப்பத்தைந்து பேர். மறுபடி எண்ணினோம். முப்பத்தைந்துதான். முப்பத்தாறாவது இலை யாருடையது என்று மண்டோர் மகன் தலையைச் சொறிந்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நோட்டை மூடினார். "நேரமாச்சு, போங்கோ" என்றார். வீட்டுக்கு ஓடிவந்து பாயில் சுருண்டு படுத்துக்கொண்டேன். சொன்னால் சத்தியம் போகும், அக்காவின் கல்யாணம் போகும், வேறு யாரும் சாப்பிடவில்லை என்று கையெழுத்துப் போட்ட கிராணியின் மானம் போகும். சொல்லாவிட்டால் அப்பா போய்விடுவார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசில் விசாரணை. தொரையின் மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். கிராணி ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எழுதியவள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், நோட்டைக் கொடுக்க அக்கா கூட வந்திருந்தார். அம்மா வாசலுக்கு வெளியே. இன்ஸ்பெக்டர் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க மாமாவும் ஒருத்தரு போனாரு. சரி, இத நம்புறேன். நீயே கூட்டிச் சொல்லு. இருநூத்திப் பன்னெண்டும் முப்பத்தஞ்சும் எத்தன?"

"இருநூத்தி நாப்பத்தேழு."

"நீ எழுதுனது?"

"இருநூத்தி நாப்பத்தெட்டு" என்றேன்.

"ஒரு எலை மிச்சம். ஒருத்தனா இருந்தாலும் காட்டுக்காரன் காட்டுக்காரன்தான். யாருன்னு தெரியாம ஒங்க அப்பாவ நான் விட முடியாது."

கிராணியின் பார்வை தரையில் இருந்தது. "நான் தப்பா எண்ணிட்டேங்க" என்றேன்.

"தப்பா எண்ணுனியா?" அவர் நோட்டை மூடித் தள்ளிவைத்தார். "அப்ப ஒண்ணு ஏன், பத்தும் தப்பா இருக்கலாம். இந்த முப்பத்தஞ்சும் தப்பா இருக்கலாம். தப்பா எண்ணுற புள்ளையோட பேச்ச வச்சு நான் என்ன எழுதுறது?"

அப்பாவைக் காப்பாற்றச் சொன்ன பொய் அப்பாவின் தலையிலேயே விழுந்தது. அப்போதுதான் அக்கா பேசினார்.

"பிள்ளை பொய் சொல்லுறா. அவ சரியாத்தான் எண்ணினவ. அது நீலக்கோடு போட்ட எண். அந்த ஒரு இலை என்ரை. அண்டைக்கு லயத்துக் கொட்டகைக்குள்ளை இருந்து நான் சாப்பிட்டனான்."

"உனக்கென்ன விசரோ!" என்று கத்தினார் கிராணி. ஃபைல் கீழே விழுந்து தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. யாரும் பொறுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, பூசணிக்காய். ரசம் ரெண்டு தரம்."

அவர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு கிராணி வீட்டுப் பெண், கல்யாணம் பேசியிருக்கிற பெண், லயத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டாள். நம் ஆட்களைத் தெரிந்தவர்தானே அவரும், அந்த ஒரு சாட்சி அவருக்குப் போதும். நோட்டைத் தம் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். அந்த நோட்டு திரும்பி வரவேயில்லை. முப்பத்தைந்து பேரைப் பற்றி நாங்கள் எழுதியது எந்தப் பத்திரிகையிலும் வரவுமில்லை.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். பாதியாகியிருந்தார். முதலில் என் தலையில்தான் கை வைத்தார். "அக்காதான்னு ஒங்களுக்குத் தெரியுமேப்பா, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "நான்தானே ஒக்காரச் சொன்னேன். சாப்பிட்டவங்க பேரச் சமையக்காரன் எப்படிச் சொல்லுவான்?" என்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அக்காவுக்கு நடந்தது. செரம்பான் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். கையெழுத்துப் பொய்யாகிப்போன கிராணியைத் தொரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார். அதற்குமுன் கிராணி தங்கையை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். கப்பலேறப் போவது அப்பா என்று பயந்துகொண்டிருந்தோம். ஏறியது அக்கா.

அவர் புறப்பட்ட காலையில் ஆபீஸ் லாரி கேட்டருகே வெகுநேரம் நின்றது. நான் போகவில்லை. "தின்னதும் அவ, எழுத வச்சதும் அவ. மொத நாளே வாயத் தொறந்திருந்தா ஒங்கப்பா உள்ள கெடந்திருப்பாரா?" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் அதை நம்பினேன். குழாயடித் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அக்கா லாரியின் முன்னால் நின்று லயத்துப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து கையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை.

பட்டியல் முடியும்வரை, கூடுதல் இலையெல்லாம் சயாம்காரர்களுடையது என்றுதான் அக்கா நினைத்திருக்க முடியும். தம்முடைய ஓர் இலையில் ஒரு மனிதரின் தலை தொங்குகிறது என்பது நோட்டை மூடிய அந்த மாலையில்தான் அவருக்குத் தெரிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குச் சொல்லிவிட்டார். இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு இருபது வருடம் ஆனது. அதற்குள் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என்ன, எப்போது, எங்கே, யார் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவரிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. பிற்பாடு அங்கேயும் சண்டை வந்தது. ஒரு சேதியும் இல்லை. இருந்தால் அவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும்.

போகும்போது அந்தப் பென்சிலை மண்டோர் மகனிடம் கொடுத்து என்னிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார். சிவப்பு முனை அப்படியே இருக்க, நீலத்தை நகக்கண் அளவுக்கு வரும்வரை சீவிச் சீவி எழுதினேன். எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை.

ஆகவே, செயலாளர் தம்பி, என் செய்தியைத் திருத்திப் போடுங்கள். நம் விருந்தில் எண்பத்தாறு பேர் சாப்பிட்டோம். இலைகள் எண்பத்தேழு. நானே எண்ணினேன், நீலக்கோடு போட்டுக்கொள்ளலாம். கடைசி வரிசையில், என் பக்கத்தில், ஆள் இல்லாமல் இருந்த இலையை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. அது நான் போட்டது. ரசம் இரண்டு தரம் ஊற்றினேன்.